மண்ணெண்ணெயும் சுப்பர்சார்ஜரும்

மோட்டார் இயந்திரங்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்குள்ள தகைமை மிகச் சொற்பம். பல்கலைக்கழகத்தில் நான் பயின்றவை கலைப்பாடங்கள். முப்பது ஆண்டுகாலப் பத்திரிகை வாழ்க்கையில் நெல்லின் விலை தொடக்கம் தேர்தல் முடிவுகள் வரை எழுதியிருக்கின்றேனே தவிர, ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்கு மேல் இயந்திரத்தோடு எனக்கு உறவு இருந்ததில்லை. ஆனால், ரொறன்ரோவில் வாழும் மருமகன் ஒருவன் தன்னுடைய காரைப் பற்றிச் சில மாதங்களாக என்னோடு நடத்திவரும் தொலைபேசி உரையாடல்கள், எங்கள் சித்தாண்டியில் யுத்த காலத்தில் நடந்த ஒரு விடயத்தைப் புதிதாக விளங்கிக்கொள்ள வைத்தன. அதனால் இந்தப் பதிவு.

அவனிடம் இருப்பது மஸ்டா நிறுவனத்தின் எம்எக்ஸ்-5. வட அமெரிக்காவில் மியாட்டா என்று அழைப்பார்கள். 1989 பெப்ரவரியில் சிக்காகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான, கூரையை மடித்துவிட்டு ஓட்டக்கூடிய, இரண்டே பேர் அமரக்கூடிய சிறிய கார். முதற் தலைமுறையில் வந்த 1600 சீசீ இயந்திரம் அமெரிக்கச் சந்தையில் 116 குதிரை வலு கொண்டது. காரின் எடை குறைவு என்பதால் அது போதும் என்றே வடிவமைத்தவர்கள் கருதினார்கள். வாங்கியவர்களில் ஒரு சாராருக்குப் போதவில்லை. தொழிற்சாலை கொடுத்ததற்கு மேல் வலுவை ஏற்றுவதற்கென்றே அந்தக் காருக்கு உதிரிப்பாகங்கள் செய்து விற்கும் தனி வணிகம் ஒன்று அன்று முதல் நடந்துவருகிறது. மருமகன் பாவித்த சுப்பர்சார்ஜர் ஒன்றை வாங்கித் தன் வீட்டு வாகனத் தரிப்பறையில் தானே பூட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, எஞ்சின் பெற்றோலத் தின்னுது எண்டுதான் எல்லாரும் சொல்லுறாங்க. உண்மையில அது தின்னுறது காத்து" என்று தொடங்கி அரைமணி நேரம் விளங்கப்படுத்தினான். அவன் சொன்னதன் சாரம் இதுதான். ஓர் இயந்திரம் எவ்வளவு பெற்றோலை எரிக்கலாம் என்பதை அது உள்ளிழுக்கும் காற்றின் அளவே தீர்மானிக்கிறது. சாதாரண இயந்திரம் பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக எவ்வளவு காற்றை இழுக்குமோ அவ்வளவோடு நின்றுவிடும். சுப்பர்சார்ஜர் என்பது இயந்திரத்தின் சுழற்சியிலேயே, ஒரு பட்டியின் மூலம் ஓடும் காற்றுப் பம்பி. அது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். அதன்மேல் இன்னும் 6 இறாத்தல் ஏற்றினால் கணக்கின்படி 40 வீதம் கூடுதலான காற்று. பம்பியைச் சுற்றுவதற்கே கொஞ்ச வலு போய்விடும். அமுக்கிய காற்று சூடாகிப் பருத்தும் விடும். ஆகவே கைக்கு வருவது 40 வீதத்துக்குக் குறைவு. ஆனாலும் வித்தியாசம் முதுகில் தெரியும் என்றான்.

இந்தப் பம்பியின் பூர்வீகம் சுவாரசியமானது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கொனர்ஸ்வில் என்ற ஊரில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள், ஆலையை ஓட்டுவதற்கு நல்லதொரு நீர்ச்சக்கரம் செய்யப் புறப்பட்டார்கள். செய்த பொறி நீரில் சரிவரவில்லை. காற்றை ஊதுவதற்கு அருமையாக வேலை செய்தது. 1860 இல் அதற்குக் காப்புரிமை பெற்று உலைகளுக்குக் காற்றூதும் இயந்திரமாக விற்றார்கள். 1885 இல் கொட்லீப் டைம்லர் இயந்திரத்துக்குள் காற்றை அமுக்கிச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மருமகனின் காரில் இருக்கும் ஈட்டன் நிறுவனத்துப் பம்பியும் ரூட்ஸ் சகோதரர்களின் வகையைச் சேர்ந்ததே. இரண்டு சுழலிகள் ஒன்றை ஒன்று தொடாமல் எதிர்த்திசையில் சுழல்கின்றன. அவ்வளவுதான் அதன் இரகசியம்.

அப்படியானால் 6 இறாத்தலோடு ஏன் நிற்க வேண்டும், 20 இறாத்தல் ஏற்றினால் என்ன என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் கேள்வி. "நொக்கிங் வரும் மாமா. பிஸ்டன் உடைஞ்சிரும்" என்றான்.

நொக்கிங் என்பதைத்தான் நான் இந்தப் பதிவில் வாசகர்களுக்கு ஒழுங்காக விளங்கப்படுத்த வேண்டும். மற்றவை எல்லாம் அதைப் பற்றியவையே. சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் அமுக்கப்பட்டிருக்கையில் பிளக் பொறி விடுகிறது. தீ பிளக்கிலிருந்து புறப்பட்டு ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைத் தள்ள வேண்டும். அழுத்தமும் சூடும் அளவு மீறினால், தீ வந்து சேருவதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. இரும்பைச் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். அந்தத் தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனின் தலை அரிக்கப்படும், ரிங் உடையும். எந்த எரிபொருள் எவ்வளவு அமுக்கத்தை இப்படி வெடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் என்பதைக் காட்டும் எண்ணே ஒக்டேன். எங்கள் எரிபொருள் நிலையங்களில் 92, 95 என்று எழுதியிருப்பது அதுதான். விலை கூடியது வலுக் கூடியது என்று பலர் நினைத்துக்கொண்டு 95 அடிக்கிறார்கள். அது பொறுமை கூடியது, வேறொன்றும் இல்லை.

ஆகவே, காற்றை அமுக்கி ஏற்றுகிறவர்கள் வேறோர் இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மினி கூப்பர் காரை எடுத்துக்கொள்வோம். 2002 இல் சுப்பர்சார்ஜரோடு வந்த கூப்பர் எஸ் காரின் கொம்பிறஷன் 8.3. சுப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண கூப்பருக்கு அது 10.6. அதாவது, பம்பி ஏற்கனவே அமுக்கித் தருவதால் பிஸ்டன் அமுக்கும் அளவைத் தொழிற்சாலையே குறைத்துவிட்டது. கொம்பிறஷனைக் குறைக்க வசதியில்லாதவர்கள் பொறி விடும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்கிறார்கள். ஏற்றும் ஒவ்வோர் இறாத்தலுக்கும் ஒரு பாகை பிந்தவிடுவது அவர்களிடையே வாய்மொழியாக வழங்கும் கணக்கு. மருமகனின் காரில் ஒரு சிறிய கணினி அதைச் செய்கிறது.

எரிபொருள் நல்லதானால் கூடுதலாக அமுக்கலாம் என்பதற்கு எங்கள் கடலிலேயே சாட்சி கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக் கடலடியில் இன்றும் கிடக்கிறது. அன்று காலை திருகோணமலையைத் தாக்க வந்த விமானங்களை எதிர்க்கச் சீனன்குடாவிலிருந்து கிளம்பிய ஹரிக்கேன் விமானங்களில் இருந்தவை றோல்ஸ் றோய்ஸ் மேர்லின் இயந்திரங்கள். சுப்பர்சார்ஜர் பூட்டியவை. மேலே போகப் போகக் காற்று ஐதாகும். அமுக்கித் தராவிட்டால் இயந்திரம் மூச்சுத் திணறும். அந்த மேர்லினுக்கு 1940 இல் 87 ஒக்டேன் எரிபொருளை மாற்றி 100 ஒக்டேன் கொடுத்தபோது, ஏற்றக்கூடிய அழுத்தம் 6 இறாத்தலிலிருந்து 12 ஆயிற்று. இரும்பு அதே இரும்புதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கையில்தான் எனக்கு எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரின் நினைவு வந்தது. மேர்லின்காரர்களுக்குக் கிடைத்தது நல்ல எரிபொருள். அவருக்குக் கிடைத்தது மண்ணெண்ணெய்.

சித்தாண்டி, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை கடந்து வர வேண்டும். வீதியோரத்தில் முருகன் கோயில், கிழக்கே வாவி, மேற்கே வயல்வெளி. அந்த வயல்களுக்கு அப்பால் சந்தனமடு ஆறு. ஆற்றைக் கடந்தால் பெருமாவெளி, ஈரளக்குளம். 1990 யூனில் மறுபடி யுத்தம் மூண்ட பிறகு வீதியில் இராணுவத்தின் சோதனைச் சாவடிகள், ஆற்றுக்கு அப்பால் வேறு ஆட்சி என்று ஊர் நடுவே கோடு விழுந்தது. அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்கு எரிபொருள், பற்றரி, யூரியா எல்லாவற்றுக்கும் தடை அல்லது அனுமதிச் சீட்டு. பெற்றோல் மருந்துபோல அளந்து கிடைத்தது. விளக்குக்கு என்று கொஞ்சம் மண்ணெண்ணெய் வந்தது. வடக்கிலும் அதே கதைதான். யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் புகை கக்கிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலின் பாதியைக்கூட எட்டாது. பெற்றோலுக்கென்று செய்த மோட்டார் சைக்கிளில் அதை அப்படியே ஊற்றினால் முதலில் இயந்திரம் ஸ்ரார்ட் ஆகாது. குளிர்ந்த மண்ணெண்ணெய் ஆவியாகாது. எப்படியோ ஸ்ரார்ட் ஆகிவிட்டாலும் ஏற்றத்தில் சுத்தியல் அடிக்கத் தொடங்கும். இந்த இரண்டு நோய்களுக்கும் எங்கள் மெக்கானிக் வைத்தியம் செய்தார். வேப்பமரத்தின் கீழ் ஒரு கிடுகுக் கொட்டில். அதுதான் கராஜ். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். பழைய ஹொண்டா 90 மோட்டார் சைக்கிள்கள் அங்கே வரிசையில் நிற்கும்.

முதலில் அவர் சிலிண்டரைக் கழற்றி, அடியில் அலுமினியத் தகட்டில் வெட்டிய இன்னொரு கஸ்கற்றை வைத்துச் சிலிண்டரைச் சற்று உயர்த்துவார். பிஸ்டனுக்கு மேல் இடம் கூடும், அமுக்கம் குறையும். மினி தொழிற்சாலை 10.6 ஐ 8.3 ஆக்கியது என்று மேலே எழுதினேன் அல்லவா, அதே வேலை. அடுத்து, பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய்; ஹாண்டிலோடு கட்டிய சிறு போத்தலில் பெற்றோல்; சேலைன் குழாய் ஒன்று; நடுவே ஒரு திருகி. பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் திருகியை மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். மண்ணெண்ணெய் வரும் செப்புக் குழாயைச் சைலன்சர் குழாயைச் சுற்றி இரண்டு முறுக்கு முறுக்கி விடுவார், போகும்போதே சூடாகட்டும் என்று.

இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தோட்டத்துல" என்றார். அவருடைய தகப்பனாரின் மிளகாய்த் தோட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. தொழிற்சாலையே அப்படிச் செய்து அனுப்பியது. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். சிறுவனாக அதற்குத் திருகி திருப்பும் வேலை இவருடையது. ரூட்ஸ் சகோதரர்களின் நீர்ச்சக்கரம் காற்றுப் பம்பி ஆனதுபோல, தோட்டத்து இறைப்பு இயந்திரத்தின் இரட்டைத் தாங்கி மோட்டார் சைக்கிளின் மேல் ஏறியது.

பொறி விடும் நேரத்தை மாற்றும் விதம்தான் அவருடைய கெட்டித்தனத்தின் உச்சம் என்பேன். அந்தப் பழைய ஹொண்டாவில் பொயின்ற் பூட்டிய ஒரு வட்டத் தட்டு இருக்கும். இரண்டு ஆணிகளைத் தளர்த்தினால் அதைச் சற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பலாம். அவர் அந்தத் தட்டில் உளியால் இரண்டு கோடுகள் போட்டிருப்பார். ஒன்று பெற்றோலுக்கு, மற்றது மண்ணெண்ணெய்க்கு. ஒவ்வொரு வண்டியையும் ஓட்டிப் பார்த்து, பெரிய ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இயந்திரத்திலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டு, தட்டல் ஓய்ந்த இடத்தில் கோடு போடுவார். "எஞ்சின் எண்டா வயிறு மாதிரி மனே. குடுக்கிறது கூடாத சாப்பாடு எண்டா, மெதுவாத்தான் குடுக்கணும்" என்பது அவர் எனக்குத் தந்த விளக்கம்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு கோட்டுக்கும் இடையில எத்தின பாகை மாமா?" என்று கேட்டான். பாகை என்ற சொல்லை அந்த மனிதர் பாவித்து நான் கேட்டதில்லை. ஒரு நெருப்புக்குச்சிக் கனம் என்பதே அவருடைய அளவு. சில வண்டிகளுக்கு ஒன்றரைக் குச்சி.

இது ஏதோ வறுமையின் அழகு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வண்டிகள் மோசமாக ஓடின. இரண்டு பேர் ஏறினால் வயல் வரம்பு ஏற்றத்தில் ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைக் கடந்து கீழே ஒழுகி என்ஜின் ஒயிலில் கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு. எனவே ரிங்கும் பெயாரிங்கும் தேய்ந்தன. வெண்புகை கண்ணை எரித்தது. பின்னால் இருந்து சென்ற பிள்ளைகள் இருமினார்கள். அவருடைய கொட்டிலில் தேய்ந்த பிஸ்டன்கள் ஒரு தகரப் பீப்பாய் நிறையக் கிடந்தன.

இதையெல்லாம்விடப் பெரிய இடைஞ்சல் சோதனைச் சாவடி. அங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். மண்ணெண்ணெய் காபரேற்றரில் இருக்கும் நிலையில் நிறுத்தினால், ஆறியபின் மறுபடி உயிர் வராது. ஆகவே சாவடி கண்ணில் படுவதற்கு முன்பே திருகியைப் பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரில் கிடக்கும் மண்ணெண்ணெய் எரிந்து முடியும்வரை ஓடி, அதன்பிறகு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சாவடிக்கும் இப்படிச் சில துளிகள் செலவு. சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவன் வழியில் எத்தனை சாவடிகள் என்று எண்ணித்தான் போத்தலில் பெற்றோல் எடுத்தான். திருகியைப் பிந்தித் திருப்பியவன் சாவடிக்கு அப்பால் வெயிலில் நின்று உதைத்துக்கொண்டிருப்பான். படையினருக்கு அது சந்தேகத்தைக் கொடுக்கும். சந்தேகம் எதில் போய் முடியும் என்பது அந்த வீதியால் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

மெக்கானிக்கின் வீட்டில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் சாராயப் போத்தல் ஒன்றில் பாதியளவு பெற்றோல் எப்போதும் இருக்கும். அதை எவருக்கும் கொடுக்க மாட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓர் அறுவடைக் காலத்தில், ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒருவரை விடியற்காலையில் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் புடையன் தீண்டியிருந்தது. கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. அன்று நானும் அந்த வேப்பமரத்தடியில் நின்றேன். அவர் தன்னுடைய வண்டியின் தாங்கியிலிருந்த மண்ணெண்ணெயை ஒரு வாளியில் வடித்தார். சாமிப்படத்துப் போத்தலை எடுத்து ஊற்றினார். தட்டின் ஆணிகளைத் தளர்த்தி மற்றக் கோட்டுக்குத் திருப்பினார். இவ்வளவும் ஐந்து நிமிடத்துக்குள். நோயாளியை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, புறப்பட்டார்கள்.

அரைப் போத்தல் என்றால் ஏறத்தாழ 375 மில்லிலீற்றர். ஹொண்டா 90 ஒரு லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் 19 கிலோமீற்றர் போகலாம். மூன்று பேர் என்றால் குறையும். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அதைவிடச் சற்றுத் தூரம். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியாததல்ல. பிள்ளையாரடி தாண்டி வண்டி நின்றதாகவும், அங்கிருந்து ஓர் அரிசி லொறி ஏற்றிக்கொண்டு போனதாகவும் மாலையில் வந்து சொன்னார். சாவடிகள் ஒவ்வொன்றிலும் வண்டி ஒரே உதையில் ஸ்ரார்ட் ஆயிற்று; அதுதான் காரியம் என்றார். தீண்டப்பட்டவர் பிழைத்துக்கொண்டார்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, பெற்றோல் தடையின்றி வரத் தொடங்கியதும், அந்தக் கொட்டிலில் முன்பைவிடக் கூட்டம். எல்லோருக்கும் இரண்டாவது கஸ்கற்றைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிய தகடுகளை அவர் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். யுத்தம் திரும்பவும் வரும் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. வாவியில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கும் இத்தனை குதிரை வலுவுக்கு மேல் கூடாது என்று பாதுகாப்புத் தரப்பு வரம்பு விதித்திருந்த காலம் அது. மருமகன் வலுவைக் கூட்டப் பாடுபடுகிற நாட்டில், வலு கூடிய இயந்திரம் வைத்திருந்தால் விசாரிப்பார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இப்போது எங்கள் ஊர் இளைஞர்கள் சைலன்சரை வெட்டி விட்டுக்கொண்டு இரவில் பறக்கிறார்கள். அதனால் கூடுவது சத்தம் மட்டும்தான் என்று சொல்லக் கொட்டிலில் ஆள் இல்லை. மெக்கானிக் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

அவரிடம் தொழில் பழகிய ஒருவருக்கு 2022 இல் திடீரென்று மவுசு வந்தது. நாட்டில் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை. யூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அதற்கும் நாட்கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று பங்கிட்டார்கள். மண்ணெண்ணெயோ லீற்றர் 87 ரூபாய். பழைய ஓட்டோக்களுக்குள் மறுபடி இரண்டாவது கஸ்கற் புகுந்தது, சிறு போத்தல் தொங்கியது, வீதியில் அந்தப் பழைய புகை மணத்தது. காபரேற்றர் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் அந்த வைத்தியம். புதிய வண்டிகளில் எரிபொருளைப் பீச்சும் கணினி மண்ணெண்ணெயைக் கண்டால் மலைத்துப் போய்விடும். கொழும்பிலிருந்து வந்திருந்த இளம் நிருபர் ஒருவர் இதை மக்களின் புதிய கண்டுபிடிப்பு என்று எழுத விரும்பினார். நான் அவரை அந்தப் பழகுநரிடம் அனுப்பி வைத்தேன்.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. 2022 ஓகஸ்ட் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 253 ரூபாயால் ஏறி 340 ரூபாய் ஆயிற்று. ஓட்டோக்காரர்கள் கஸ்கற்றைக் கழற்றிவிட்டுப் பெற்றோலுக்குத் திரும்பினார்கள். கடலுக்குப் போகிறவர்களின் படகு இயந்திரங்கள் தொழிற்சாலையிலிருந்தே மண்ணெண்ணெய்க்கென்று செய்து வந்தவை. அவற்றில் கழற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த வாரம் கரைக்குப் போனபோது படகுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன.